மலைமேல் சனிப் பிரதோஷம்

அமெரிக்காவில் நம் வயதுக்காரர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் மருந்துகளில் நடையும் ஒன்றாகிவிட்டது. சனிக்கிழமை விடிந்ததும் ஃப்ரீமான்டிலிருந்தும் மில்பிடாஸிலிருந்தும் புறப்பட்டு, வேலி போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கும் மலைவெளிகளுக்குப் போகிறீர்கள். தொப்பி, முதுகுப்பை, கைக்கு ஒன்றாக இரண்டு கம்பு. மதியத்துக்குள் வாட்ஸ்ஆப்பில் படங்கள் வந்துவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் என்னையும் கூப்பிடுகிறீர்கள். முழங்கால் வலி என்று சொல்லி வந்திருக்கிறேன். என் முழங்கால்களில் ஒரு குறையும் இல்லை.

போன வாரம் நம் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் ஒரு செடியின் படத்தைப் போட்டிருந்தார். பாய்சன் ஓக், மூன்று இலை, தொட்டுவிடாதீர்கள் என்று எச்சரிக்கை. அதன் கீழே இன்னொருவர், "அச்சு அசல் வில்வம் மாதிரியே இருக்கே" என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்றையும் வைத்திருந்தார். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பதில் நீண்டுவிட்டது.

அந்த மலைவெளிகளில் ஒன்றை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் நாங்கள் இருந்தது ஒரு மழைக்காலமும் அதை அடுத்த வசந்தமும் மட்டும்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்கு மில்பிடாஸில் வேலை. அவருடைய மேலாளருக்கு மலைமேல் ஒரு மரவீடு பூட்டிக் கிடந்தது. எனக்கு இளைப்பு இருந்ததால் மலைக்காற்று நல்லது என்று அப்பா முடிவு செய்தார். "ஊட்டி மாதிரியே இருக்கு" என்று ஃபோனில் எல்லோரிடமும் சொன்னார். அம்மாவிடம் அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஊர் என்பது ஒரு பெட்ரோல் பங்க், ஒரு தபால் நிலையம், கதவில் மணி கட்டிய ஒரு மளிகைக் கடை, ஒரு தீயணைப்பு நிலையம். மற்றதெல்லாம் ரெட்வுட் மரங்கள். பஸ் கிடையாது. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்பா காலையில் அந்த வளைவுச் சாலையில் இறங்கிப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் பள்ளி விட்டு வரும்போது அம்மா ஜன்னலருகே அதே நாற்காலியில், காலையில் பார்த்த அதே நிலையில் உட்கார்ந்திருப்பாள். வீடெங்கும் நனைந்த கம்பளி வாசனை. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. மேலே மரங்களிலிருந்து மழை நின்ற பிறகும் வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைத் தவிர வேறு பேச்சில்லை.

எங்கள் தெரு முடியும் இடத்தில் ஒரு மரக்கதவும் அதன் பக்கத்தில் ஒரு பலகையும் இருந்தன. கதவுக்கு அப்பால் பாதுகாக்கப்பட்ட மலைவெளி. மைல் கணக்கில் நடைபாதைகள். பலகையில் செய்யக்கூடாதவை படங்களாக வரிசையில் இருந்தன: நாய், சைக்கிள், தீ, துப்பாக்கி, பூப்பறிக்கும் கை. ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. நடக்கும் மனிதன் ஒருவன்தான் கோடு விழாமல் இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது அம்மா என்னை அங்கே கூட்டிப் போனாள். பலகையைக் கடைசி வரை படித்தாள்.

"நடக்கலாம்னு போட்டிருக்கு" என்றாள்.

அவளிடம் இருந்தது என் அப்பாவின் பழைய கேன்வாஸ் ஷூ. முன்பக்கம் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்துப் போட்டுக்கொண்டாள். சேலையை முழங்காலுக்குக் கீழே தூக்கிச் செருகிக்கொண்டாள். அன்று நாங்கள் முதல் வளைவு வரைதான் போனோம். அடுத்த வாரம் ஓடை வரை. அதற்கடுத்து, தோலுரிந்து கொய்யா மரம் போல வழவழவென்று நிற்கும் ஒரு சிவப்பு மரத்தடி வரை. ஓடைக் கரையில் வாழைப்பழ நிறத்தில், வாழைப்பழ நீளத்தில் ஒரு நத்தை ஓடில்லாமல் ஊர்ந்து போனது. அம்மா குந்தி உட்கார்ந்து அது பாதையைக் கடந்து முடிக்கும் வரை பார்த்தாள். இரண்டு விரலால் ஒரு இலையைக் கசக்காமல் தடவி, விரலை முகர்ந்து, "லாரேசி குடும்பம். நம்ம பட்டை, பிரிஞ்சி இலைக்குச் சொந்தக்காரன்" என்றாள். எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.

அம்மா பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள் என்பது எனக்கு அந்த நடைகளில்தான் தெரிந்தது. மேலே படிக்க இடம் கிடைத்திருந்தது, கல்யாணம் முந்திக்கொண்டது. அமெரிக்காவுக்கு அவள் வந்தது அப்பாவின் விசாவோடு ஒட்டிய விசாவில். எச்-ஃபோர் என்று அதற்குப் பெயர். அதில் இருக்கலாம், சமைக்கலாம், பிள்ளை வளர்க்கலாம். வேலை பார்க்கக்கூடாது. மரக்கதவுப் பலகைக்கும் அந்த விசாவுக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்று இன்று தோன்றுகிறது. அன்று அவளுக்குத் தோன்றியிருக்குமா என்று கேட்டதில்லை.

மலைவெளியின் காவல் அதிகாரியான ரேஞ்சரைச் சந்தித்தது ஒரு மழை விட்ட மாலையில். அம்மா பாதையோரம் மண்டியிட்டு, கல்லூரி நாளிலிருந்து அவள் வைத்திருந்த சின்ன மடக்கு லென்ஸ் வழியாக ஒரு பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் பூட்ஸ் சத்தம். காக்கிச் சட்டை, மார்பில் பேட்ஜ், நரைத்த ஒற்றைச் சடை. அம்மா போலீஸ் என்று நினைத்து எழுந்து கையை விரித்துக் காட்டினாள், எதையும் பறிக்கவில்லை என்று. ஆங்கிலம் அவளுக்குப் படிக்க நன்றாக வரும். பேச வாய் வராது. பயத்தில் அவள் வாயில் வந்தது அந்தப் பாசியின் லத்தீன் பெயர். திருநெல்வேலி உச்சரிப்பில் லத்தீன்.

ரேஞ்சர் குனிந்து அந்தப் பாசியைப் பார்த்தாள். பிறகு பக்கத்துப் பாறையில் இருந்த இன்னொன்றைக் காட்டி அதன் பெயரைக் கேட்டாள். அம்மா சொன்னாள். அதன் பிறகு இருவரும் ஓடை வரைக்கும் ஒரு முழு ஆங்கில வாக்கியம் பேசாமல், மரம் மரமாகப் பெயர் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். நான் பின்னால் நடந்தேன். அம்மா சிரிக்கும்போது அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதையும் அன்றுதான் கவனித்தேன்.

மலைவெளிக்கு வருகிறவர்களைக் கூட்டிப் போய்க் காட்டும் வாலண்டியர் வழிகாட்டிகளுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கிறது, சேருகிறீர்களா என்று ரேஞ்சர் கேட்டாள். சம்பளம் கிடையாது. எனவே விசாவுக்கும் அதற்கும் சண்டை கிடையாது. அம்மா தயங்கித் தயங்கி அப்பாவிடம் சொன்னாள். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சம்பளம் இல்லைனா என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ" என்றார்.

தீயணைப்பு நிலையத்தை ஒட்டிய கூடத்தில் வகுப்பு. என்னைத் தனியே விட முடியாது என்பதால் நானும் போவேன். மடக்கு நாற்காலிகள், பெரிய அலுமினியப் பாத்திரத்தில் கசப்புக் காபி, ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்கள். அம்மா கடைசி வரிசையில் தொடங்கி, மார்ச் முடிவதற்குள் இரண்டாவது வரிசைக்கு வந்திருந்தாள். வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே "குட் மார்னிங், வெல்கம் டு திஸ் டிரெயில்" என்று தொட்டியிடம் சொல்லிப் பார்ப்பாள். பயிற்சி முடியும் தறுவாயில் உடைக்கு மேல் போடும் கையில்லாத பச்சை நிற வெஸ்ட் ஒன்று கொடுத்தார்கள். முதலில் தெரிந்தவர்களை வைத்து ஒரு ஒத்திகை நடை. அதற்கு அடுத்த சனிக்கிழமை, பொதுமக்களோடு அவளே தனியாக நடத்தும் முதல் நடை. மளிகைக் கடை வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதில் அவள் பெயர் இருந்தது. பால் வாங்க அவசியமில்லாத நாளிலும் நாங்கள் அந்தக் கடைக்குப் போனோம்.

ஒத்திகைக்குத் தெரிந்தவர்கள் வேண்டுமே. அப்பா பெரியப்பாவைக் கூப்பிட்டார்.

பெரியப்பாதான் அப்பாவை அமெரிக்காவுக்கு ஏற்றிவிட்டவர். தன் கம்பெனியில் சொல்லி வேலை வாங்கித் தந்தார். முதல் ஆறு மாதம் ஃப்ரீமான்டில் தன் வீட்டிலேயே எங்களை வைத்துக்கொண்டார். அதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டத் தேவையே இல்லாதபடி அப்பா நடந்துகொண்டார். பெரியப்பா தீவிர சைவர். ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் ஸ்படிக லிங்கத்தை எடுத்து வைத்துப் பூஜை செய்வார். ஊரிலிருந்து யாராவது வந்தால் காய்ந்த வில்வம் ஒரு பாலிதீன் பையில் வரும். தொட்டால் தூளாகும் அந்த இலையை அவர் இடுக்கி பிடிப்பதுபோல் எடுப்பார். அந்த மாதக் கடைசியில் அவருக்கும் பெரியம்மாவுக்கும் கிரீன் கார்டு இன்டர்வியூ. எத்தனையோ வருடக் காத்திருப்பு. அதற்காக ஒரு சனிப் பிரதோஷத்தை விசேஷமாகச் செய்ய வேண்டும் என்றிருந்தார்.

"ஏலே, மலை மேல வீட்ட வச்சுக்கிட்டு என்ன யோசன? கைலாசம்லா அது! அங்கயே வச்சிருவோம்" என்றார் ஃபோனில்.

காலையில் அம்மாவின் ஒத்திகை நடை, சாயங்காலம் பூஜை என்று முடிவாயிற்று. நான்கு காரில் ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் இன்ஜினியர்கள், அவர்களுடைய மனைவிகள், என் வயதுப் பிள்ளைகள். புளியோதரையும் தயிர்சாதமும் வண்டியிலேயே மணந்தன. அம்மா சேலைக்கு மேல் பச்சை வெஸ்ட்டைப் போட்டுக்கொண்டு மரக்கதவில் நின்றாள்.

"ஏளா, கண்டக்டர் கணக்காலா இருக்கே! டிக்கெட் கிழிப்பியோ?" என்றாள் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

முதல் அரை மணி நேரம் நன்றாகப் போனது. அவள் தமிழிலேயே சொன்னாள். ரெட்வுட் மரத்துக்கு மூடுபனிதான் பாதித் தண்ணீர், அதன் பட்டை தீயைத் தாங்கும், எரிந்த அடிமரத்தைச் சுற்றிப் பிள்ளைமரங்கள் வட்டமாக முளைக்கும். ஒரு அங்கிள் வீடியோ எடுத்தார். பெரிய கேமரா, தோளில் தொங்கும் பேட்டரி. ஓடை தாண்டிய சரிவில், வெயில் விழும் இடத்தில், இடுப்பு உயரப் புதர் ஒன்று பளபளவென்று தளிர் விட்டிருந்தது. காம்புக்கு மூன்று இலை.

பெரியப்பா நின்றுவிட்டார். கையைக் கூப்பினார்.

"பரமசிவா! இங்க கொண்டாந்து வச்சிருக்கான் பாருங்கய்யா! வில்வம்!"

"அத்தான், அது வில்வம் இல்ல. தொடாதீங்க" என்றாள் அம்மா.

"மூணு இலை. திரிசூலம் மாதிரி. வில்வம் இல்லாம வேற என்ன?"

"பாய்சன் ஓக் அத்தான். பட்டா புண்ணாயிரும். நம்ம ஊர் சேராங்கொட்டை இருக்கில்ல, அந்தக் குடும்பம். மா, முந்திரி எல்லாம் அதே சாதி. மாங்காப் பால் பட்டு உதடு வெந்தவங்களுக்கு இது இன்னும் மோசமாப் பண்ணும்."

ஒரு அங்கிள் அந்தப் புதரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், ஓக்னா பெரிய மரம்லா? இது செடி" என்றார். அவர் சிப் வடிவமைப்பவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"வில்வமா இருந்தா முள்ளு இருக்கும். இலையை வெளிச்சத்துல புடிச்சா புள்ளி புள்ளியாத் தெரியும். இதுல..."

"பி.எஸ்ஸி. பாட்டனி சொல்லுதா. இனிமே சிவபெருமான் லென்ஸ வச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கிக்கிடணும்!" என்றார் பெரியப்பா.

அந்தச் சிரிப்பு சரிவில் இறங்கி ஓடை வரை போனது. பெரியப்பாவுக்குத் தெரிந்த வில்வம், அர்ச்சகர் தட்டில் இருந்த வில்வம்தான். மரத்தை அவர் பார்த்ததில்லை. அம்மா, "இங்க எதையும் பறிக்கவே கூடாது, அத்தான். ரூல் இருக்கு" என்று கடைசியாக ஒன்று சொன்னாள். அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"போதும். இத்தன பேரு முன்னாடி அண்ணன்கிட்ட வாயாடாத."

அப்பாவே சரிவில் இறங்கிக் கிளைகளை ஒடித்து மேலே கொடுத்தார். பெரியப்பா வாங்கித் துண்டில் அடுக்கினார். எதிரே இரண்டு பேர் நடந்து வந்தார்கள், வயதான தம்பதி. அவர்கள் துண்டைப் பார்த்தார்கள், ஒடிந்த புதரைப் பார்த்தார்கள், பச்சை வெஸ்ட்டை நெடுநேரம் பார்த்தார்கள். எங்களைச் சுற்றிக்கொண்டு, பாதையின் மறு ஓரமாகப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சமையலறையில் அப்பாவை மடக்கினாள்.

"என்னங்க, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. பச்சத் தண்ணியில. அந்தத் துண்ட வெளிய எறிஞ்சிருவோம். நான் புதினா வச்சிருக்கேன், துளசி வச்சிருக்கேன். அத வச்சு அர்ச்சன பண்ணட்டும்."

"சிவனுக்குத் துளசியா? அண்ணன் என்ன நினைப்பாரு?"

"அண்ணி கண்ணுல ஒத்திக்கிடுவாங்கங்க."

"பூஜ நேரத்துல அபசகுனமாப் பேசாத."

அம்மா என்னை மட்டும் குளியலறைக்கு இழுத்துப்போய், பாத்திரம் துலக்கும் சோப்பால் முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். பூஜையின்போது என்னைத் தன் மடியிலேயே, சுவரோரமாக வைத்துக்கொண்டாள்.

சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியே ஸ்படிகத்தில் விழுந்து தரையில் வானவில்லாகச் சிதறியது. பெரியப்பாவுக்கு நல்ல குரல். ஒவ்வொரு நாமத்துக்கும் ஓர் இலை. பச்சைப் பசேலென்று லிங்கம் மூடிப்போனது. வருடக்கணக்கில் தூளை வைத்துப் பூஜை செய்தவருக்கு அன்று கண் கலங்கியது. அதை நான் பார்த்தேன். அது பொய்யில்லை. தீபாராதனை முடிந்து தட்டு சுற்றி வந்தது. ஆண்கள் ஓர் இலையை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்கள். பெண்கள் கூந்தலில் வைத்துக்கொண்டார்கள். பெரியம்மா இரண்டு கையிலும் இலையை அள்ளி, இரண்டு கண்ணிலும் அழுத்தி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி அப்படியே நின்றாள். இன்டர்வியூ நல்லபடி முடியவேண்டும் என்றுதான் வேண்டியிருப்பாள்.

தட்டு எங்களிடம் வந்தபோது அம்மா கும்பிட்டாள். எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் தரவிடவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள்: "போன உடனே முகம், கையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிருங்க."

"பிரசாதத்தையா கழுவச் சொல்லுதே?" என்றாள் பெரியம்மா. அவளுக்கு உண்மையாகவே வருத்தம்.

திங்கட்கிழமை ஃபோன் வந்தது. பெரியம்மாவின் இரண்டு கண்ணும் திறக்க முடியாதபடி வீங்கி மூடிக்கொண்டன. எமர்ஜென்சிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். பெரியப்பாவின் கைகள் கொப்புளித்து நீர் வடிந்தன. ஒரு அங்கிளுக்குக் காது, ஒரு ஆன்ட்டிக்குக் கழுத்து. ஒரு பையன் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பாவுக்கு இரண்டு முன்கையிலும் சிவப்புக் கோடு கோடாகத் தடித்திருந்தது. இளஞ்சிவப்பு லோஷனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரவில் சொறிந்து சொறிந்து விரிப்பில் ரத்தப்பொட்டுகள் இருந்தன.

பெரியம்மாவைப் பார்க்க ஃப்ரீமான்டுக்குப் போனோம். அவள் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மா ரவைக் கஞ்சி எடுத்துப் போயிருந்தாள். பெரியப்பா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல், அப்பாவிடம் பேசினார்.

"காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனது யாரு? நான் வீட்டுல உக்காந்து பூஜ பண்ணலாம்னுதான இருந்தேன்."

"அத்தான், நான் சொன்னேன்..."

"சொன்னா! ஒரு விஷயம் நிச்சயமாத் தெரிஞ்சா மனுசன் கையப் பிடிச்சுத் தடுக்க மாட்டானா? உம் பிள்ளைக்கு மட்டும் ஒண்ணும் வரலியே, பாத்தியா? அத மட்டும் கழுவி விட்டிருக்கே."

சமையலறையில் இருந்த ஆன்ட்டிகள் என் கைகளைப் பார்த்தார்கள். கொப்புளம் இல்லாத என் கைகள் அங்கே சாட்சியாகிவிட்டன. நான் அவற்றைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டேன்.

நாங்கள் வீடு திரும்பியபோது ஆன்சரிங் மெஷினில் சிவப்பு விளக்கு மினுக்கியது. ரேஞ்சரின் குரல். சனிக்கிழமை வெஸ்ட் போட்ட ஒருவரோடு வந்த குழு செடிகளை ஒடித்ததாகப் புகார் வந்திருக்கிறது, நாளை மாலை வீட்டுக்கு வந்து பேசுகிறேன். அவ்வளவுதான். அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு பெரியப்பாவுக்கு ஃபோன் செய்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏலே, பேட்ஜ் வச்சிருக்காளா? அப்ப அவ போலீஸ்தான்டே. பேர எழுதிட்டாள்னா கம்ப்யூட்டர்ல ஏறிரும். இன்டர்வியூல மொத கேள்வியே அதான், எப்பவாச்சும் சட்டத்த மீறிருக்கியான்னு. பத்து வருசம்டே. எல்லாம் போயிரும்."

"நான் பாத்துக்கிடுதேன் அண்ணே."

"உம் பேரும் வரக்கூடாது. நாளைக்கு நீயும் அப்ளை பண்ணணும்லா."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். ஃபோனை வைத்துவிட்டு, லோஷன் காய்ந்த கைகளைப் பார்த்தபடி சொன்னார்:

"நீதான் பறிச்சேன்னு சொல்லிரு."

அம்மா கையிலிருந்த கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகாது. நீ எச்-ஃபோர்தான? வேலையா, அப்ளிகேஷனா, உனக்குன்னு போறதுக்கு என்ன இருக்கு?"

"சனிக்கெழம என் வாக் இருக்குங்க."

"அத இன்னொரு வருசம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நல்ல செய்தியைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

மறுநாள் மாலை ரேஞ்சர் வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வாசல்படியிலேயே நின்றாள். முதலில் யாருக்காவது உடம்புக்கு ஏதாவது ஆயிற்றா என்று கேட்டாள். இதை நான் குறிப்பாக எழுத விரும்புகிறேன். அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். அப்பா, எல்லோரும் நலம் என்றார். வெயில் நாளில் முழுக்கை ஸ்வெட்டர் போட்டு, கைகளைப் பேன்ட் பைக்குள் விட்டிருந்தார்.

யார் பறித்தது என்று ரேஞ்சர் கேட்டாள்.

"நான்தான்" என்றாள் அம்மா, ஆங்கிலத்தில். தடுமாறவில்லை.

"அது என்ன செடி என்று உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிந்தே பறித்தீர்களா?"

"ஆமாம்."

ரேஞ்சர் அம்மாவின் கைகளைப் பார்த்தாள். வெறும் வளையல் போட்ட கைகள், ஒரு தடிப்பும் இல்லை. பிறகு அப்பாவின் பைக்குள் இருந்த கைகளைப் பார்த்தாள். ஸ்வெட்டர் கழுத்துக்கு மேலே ஏறியிருந்த சிவப்பைப் பார்த்தாள். இன்னொரு முறை, மெதுவாக, நிச்சயமாகவா என்று கேட்டாள். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா முற்றத்தில் நின்ற ரேஞ்சரின் ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிச்சயமாக" என்றாள் அம்மா.

அப்படியானால் எனக்கு வேறு வழியில்லை என்றாள் ரேஞ்சர். அம்மா உள்ளே போய் வெஸ்ட்டை எடுத்து வந்தாள். கழுவி, இஸ்திரி போட்டு, கடையில் புதுச் சட்டை மடிப்பதுபோல மடித்து வைத்திருந்தாள். சனிக்கிழமைக்காக அல்ல, இதற்காகத்தான் மடித்தாள் என்று நினைக்கிறேன். ஜீப் திரும்பிப் போனதும் அப்பா கையைப் பைக்குள்ளிருந்து எடுத்து இரண்டு முன்கையையும் பரபரவென்று சொறிந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது. காபி போடு" என்றார்.

சனிக்கிழமை வேறொருவர் அந்த நடையை நடத்தினார். எங்கள் தெரு வழியாகத்தான் போனார்கள். அம்மா திரையை இழுத்துவிட்டுத் துணி மடித்தாள். மளிகைக் கடை அறிவிப்பில் அவள் பெயர் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டதும் நாங்கள் ஃப்ரீமான்டில் ஒரு அபார்ட்மென்ட்டுக்கு இறங்கிவிட்டோம். மௌரி அவென்யூ கடைகளுக்கு நடந்தே போகலாம், அம்மாவுக்கு வசதி என்று அப்பா சொன்னார். லென்ஸ் எந்தப் பெட்டியிலும் வந்து சேரவில்லை. அம்மா அதைத் தேடவும் இல்லை.

பெரியப்பாவுக்குக் கிரீன் கார்டு கிடைத்தது. பெரியம்மாவின் இமையோரம் கருத்த தழும்பு மட்டும் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணம், காதுகுத்து, பொங்கல் விழா. ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் பெரியப்பாவை அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். அவர் நன்றாகச் சொல்வார். "என் தம்பி பொண்டாட்டி காடு காடுன்னு கூட்டிட்டுப் போயி, எங்க எல்லாரையும் ஒரு வழி பண்ணிட்டா" என்று முடிப்பார். பந்தியில் சிரிப்பு எழும். அப்பாவும் சிரிப்பார். அம்மா மோர் ஊற்றிக்கொண்டே அடுத்த இலைக்குப் போவாள். உங்களில் சிலர் அந்தப் பந்திகளில் எங்களோடு உட்கார்ந்து சிரித்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட கதை அது.

பத்திரிகை வேலைக்குப் போன பிறகு, வேறொரு செய்திக்காக, ஓய்வு பெற்ற ஒரு மலைவெளி அதிகாரியிடம் பேச வேண்டியிருந்தது. பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: பார்வையாளர் ஒருவர் முதல் தடவை செடி பறித்து மாட்டினால் அந்த நாளில் என்ன செய்வீர்கள்? கூப்பிட்டுச் சொல்லி அனுப்புவோம் என்றார். பேர் எழுதிக்கொள்வீர்களா? எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டார். குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிப்பீர்களா என்றதும் சிரித்துவிட்டார்.

அன்று மாலையே பெற்றோர் வீட்டுக்குப் போனேன். அப்பா சாப்பாட்டு மேஜையில் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அம்மா எதிரே அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். அதிகாரி சொன்னதைச் சொன்னேன்.

அப்பா இன்னொரு மாத்திரையைப் பிரித்தெடுத்தார். பிறகு, "அது அப்ப யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. கை நிற்கவில்லை. "மொத கிளாஸ்லயே சொன்னாங்க. வெளியாளு பறிச்சா சொல்லி அனுப்பிருவாங்க. வாலண்டியர் பறிச்சாத்தான் வெஸ்ட்ட வாங்கிருவாங்க, அதோட சரி."

அப்பா மாத்திரையைக் கீழே வைத்தார்.

"தெரியும்னா அன்னிக்கே சொல்லிருக்கலாம்லா?"

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"செடியப் பத்திச் சொன்னதையே நீங்க யாரும் கேக்கலியே" என்றாள்.